பஸ்ஸுக்குக் கட்டிய காப்பு

ஒரு பஸ்ஸை ஒரு வாரம் மஞ்சள் கயிற்றால் கட்டிப்போட்டோம் என்று நான் வேலை பார்த்த ஊர்களில் எல்லாம் சொல்லிப் பார்த்திருக்கிறேன். ஒருத்தரும் நம்பியதில்லை. "அவ்வளவு தடிமனான கயிறா?" என்று கேட்பார்கள். கயிறு என்பது பேச்சுக்குத்தான், வெறும் நூல். பல்லால் கடித்தாலே அறுந்துவிடும். அதை அறுக்க ஒரு அதிகாரிக்கும் தைரியம் வரவில்லை என்பதுதான் விஷயம். நம்பாதவர்கள் நம்பாமல் போகட்டும். சொல்லும்போதெல்லாம் எனக்கு வயிற்றுக்குள் குறுகுறு என்று ஒரு சிரிப்பு ஓடுகிறது. அதற்காகவாவது இன்னொரு தரம் சொல்கிறேன்.

எண்பதுகளின் தொடக்கம். எனக்குப் பதினாறு வயது. ஜவ்வாது மலையில் எங்கள் ஊருக்கு என்று இருந்தது ஒரே பஸ். போளூரிலிருந்து மூச்சு வாங்கிக்கொண்டு ஏறி வரும், இரவு எங்கள் ஊரிலேயே தங்கும், காலையில் இறங்கிப் போகும். அது நிற்கும் மைதானத்துக்கு எதிரே ஒரு தகரக் கொட்டகை. எங்கள் பேச்சில் கொட்டாய். புளியும் கடுக்காயும் வாங்கிச் சேர்த்து வைப்பதற்காக யாரோ எப்போதோ கட்டியது. அவர்கள் வேறு இடம் பார்த்துப் போனதும் அது ஊர்ப்பொதுவாகிவிட்டது. மூட்டைகள் போய்விட்டாலும் புளிவாசனை போகவில்லை. உள்ளே கால் வைத்தாலே நாக்கில் எச்சில் ஊறும். பாடுகிறவளுக்கு அது பெரிய தொல்லை, ஒவ்வொரு வரிக்கும் நடுவில் எச்சிலை விழுங்கவேண்டும். ஆனால் அந்தத் தகரம் இருக்கிறதே! சும்மா ஒரு முணுமுணுப்பு போட்டாலும் நாலு மடங்காக்கித் திருப்பித் தரும். அந்தத் தகரத்தின் கீழ் பாடினால் என் குரல் எனக்கே பிடிக்கும்.

ஞாயிற்றுக்கிழமை சந்தை கலைந்ததும் எங்கள் கச்சேரி தொடங்கும். கச்சேரி என்று சொல்ல இப்போது கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது, அப்போது இருக்கவில்லை. என் மாமன் மகன் பம்பை அடிப்பான். அவன் அப்பா மாரியம்மன் கோயில் பூசாரி. சாமிக்கு அடிக்கிற பம்பையில் சினிமாப் பாட்டு அடித்தால் சாமி ஒன்றும் கோபித்துக்கொள்ளாது என்று அவரே எழுந்து நின்று ஆடியபடி சொல்லிவிட்டார். வாணியம்பாடியில் தோல் பதனிடக் கடுக்காய் வாங்கும் முஸ்லிம் வியாபாரி ஒருவரின் மகன், புல்புல்தாரா என்கிற பித்தான் வைத்த தந்தி வாத்தியம் வாசிப்பான். அப்பாவுக்குப் பதிலாகச் சந்தைக்கு வந்து சரக்கை வாங்கிக் கட்டிவைத்துவிட்டு, கை கழுவிக்கொண்டு வந்து உட்காருவான். அவன் அந்தப் பித்தான்களைத் தட்டுகிற வேகத்தைப் பார்த்தால் தாலுகா ஆபீசில் தட்டச்சு அடிக்கிறவர் வெட்கப்படவேண்டும். நான் பாடுவேன். மைக், பேட்டரி, குழாய் ஸ்பீக்கர் எல்லாம் பஸ்ஸின் மேல் ஏறி வரும். கண்டக்டர் அதற்கு லக்கேஜ் டிக்கெட் கிழிக்கமாட்டார். பதிலுக்கு மேடையில் ஒரு பாட்டு அவருக்கு. சுருதியை அவர் மலைவளைவு ஏதோ ஒன்றில் இறக்கிவிட்டு வந்தவர். ஆனாலும் எனக்கு விழுகிற கைதட்டலைவிட அவருக்கு விழுவதுதான் அதிகம். அதில் எனக்கு வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமல்ல.

அந்தக் கொட்டாய்க்குள் வர வயசு, ஆண், பெண் என்று எந்தத் தடையும் இல்லை. பால்குடிப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வருவார்கள், கோலூன்றிக்கொண்டும் வருவார்கள். ஆடு கூட வரும். என் அப்பா என்னைப் பாட விட்டதே அதனால்தான்.

"குஞ்சு குளுவான்ல இருந்து பெருசு வரைக்கும் எல்லாரும் வர்ற எடம். அதனால நீ போ, பாடு. அது அப்படி இல்லாம போற அன்னிக்கு நீயும் போவக்கூடாது. இப்பவே சொல்லிட்டேன்" என்றார்.

நான் தலையை ஆட்டினேன். அது எப்போது அப்படி இல்லாமல் போகப்போகிறது என்ற திமிர்.

போகப் பார்த்தது. அரசாங்கம் சாராயக் கடைகளைத் திறந்துவிட்டிருந்த சமயம் அது. செங்கம் பக்கத்திலிருந்து ஒரு குத்தகைக்காரர் மேலே வந்தார். மைதானம், பஸ், நிழல், தகரக் கூரை எல்லாவற்றையும் பார்த்தார். கொட்டாயை வாடகைக்குக் கொடுத்தால் இங்கேயே கடை போடுகிறேன் என்றார். எங்கள் ஊர்த் தலைவரான ஊர்க்கவுண்டரிடம் பேசிவிட்டு மகிழ்ச்சியாக இறங்கிப் போனதாகவும் கேள்விப்பட்டோம். ஊர்க்கவுண்டர் வேறு யாருமில்லை, என் அப்பாவுக்கு அண்ணன், எனக்குப் பெரியப்பா.

சாராயக் கடைக்குள் குழந்தைகள் போகமுடியாது. பெண்கள் போகமுடியாது. நான் போகமுடியாது. இந்த மூன்றும் வரிசையாக என் தலைக்குள் விழுந்தபோது நான் சாமை புடைத்துக்கொண்டிருந்தேன். முறத்தை அப்படியே வீசிவிட்டு ஓடினேன். சாமை முழுக்கக் கோழிக்குப் போனது. அதற்கு அம்மாவிடம் வாங்கியது தனி.

மாமன் மகனைக் கிணற்றடியில் பிடித்தேன். "டேய், கொட்டாய் போவுதுடா!"

"எங்க போவுது?"

"சாராயத்துக்குப் போவுது!"

அன்றைக்கு மாலையே ஊரில் இருந்த இளவட்டம் முழுக்கக் கொட்டாயில் கூடிவிட்டது. இளவட்டம் என்றால் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் சேர்த்துத்தான். அவர்கள்தான் அதிகம் கத்தினார்கள். சுண்ணாம்பைக் கரைத்து, பஸ் வருகிற பாதையில் இருந்த பாறைகளில் எல்லாம் "கொட்டாய் எல்லாருக்கும்" என்று எழுதினோம். ஒரு பாறையில் இடம் போதாமல் "கொட்டாய் எல்லா" என்பதோடு நின்றுவிட்டது. அந்தப் பாறை இன்னும் அப்படியே நிற்பதாகச் சொல்கிறார்கள். தட்டும் கரண்டியுமாகப் பிள்ளைகள் முன்னால் போக, பம்பை பின்னால் போக, வீடு வீடாகப் போய்ப் பாடினோம். சாமை குத்திக்கொண்டிருந்த பெண்கள் உலக்கையை நிறுத்தாமலே எங்கள் தாளத்துக்கு மாற்றிக் குத்தினார்கள். ஒரு வீட்டில் மட்டும் ஒரு அண்ணன் வாசலை மறித்துக்கொண்டு நின்றார்.

"கட வந்தா இன்னா, பாட்டு நின்னுடுமா? குடிச்சவன் இன்னும் நல்லாப் பாடுவான்" என்றார்.

"அவன் பாடுவாண்ணா. நான் எங்க போய்ப் பாடறது?"

அவர் வாசலிலிருந்து கொஞ்சம் நகர்ந்தார். உள்ளே இருந்து அவர் மகள் ஒரு தட்டோடு ஓடிவந்து எங்களோடு சேர்ந்துகொண்டாள்.

இப்படி ஊரைச் சுற்றிவிட்டுப் பெரியப்பா வீட்டுக்கு முன்னால் போய் நின்றோம். பெரியம்மா போளூரில் மகளுக்குப் பிள்ளைப்பேறு பார்க்கப் போனவர், பேரன் பிறந்து மாதம் கடந்தும் திரும்பவில்லை. தானே கிளறிய களியைத் தானே தின்றுகொண்டு பெரியப்பா ஏற்கனவே கடுப்பில் இருந்தார்.

"இன்னா சத்தம்? யாரு வூட்டுக் கல்யாணம்?"

"கொட்டாயக் குடுக்காதீங்க பெரிப்பா" என்றேன்.

"கோயில் கூரை ஒழுவுது. சாராயக்காரன் வாடக தர்றேன்றான். நீங்க இன்னா தர்றீங்க?"

"பாட்டு" என்றான் மாமன் மகன்.

பின்னால் இருந்த ஒரு பொடிசு, "பாட்டு ஒழுவாதுங்க!" என்று கத்தியது. பெரியப்பாவுக்கு மீசைக்குள் ஏதோ துடித்தது. சிரிப்புதான். ஆனால் ஊர்க்கவுண்டர் அதை வெளியே விடமாட்டார். உள்ளே போய் ஒரு மண்பானையை எடுத்து வந்தார்.

அந்தப் பானையை எங்கள் ஊரில் தெரியாதவர் இல்லை. ஊர்க்கூட்டம் என்றால் எங்களுக்கு எண்ணிக்கை எல்லாம் புளியங்கொட்டையில்தான். வீட்டுக்கு ஒரு கொட்டை அந்தப் பானையில் இருக்கும். ஒரு வீட்டுக்காரர் வந்துவிட்டால் அந்த வீட்டுக் கொட்டையை எடுத்துப் பித்தளைச் சொம்பில் போடுவார்கள். பானை காலியானால் ஊர் கூடிவிட்டது என்று அர்த்தம். அதற்குமேல் சொன்ன சொல் மாறாது.

"நாளான்னிக்கு ஞாயித்துக்கெழம. அத வுட்டுட்டு அடுத்த ஞாயிறு" என்றார் பெரியப்பா. "பொழுது மலைக்குப் பின்னால எறங்கறதுக்குள்ள பானை காலியாவணும். வூட்டுக்கு ஒரு ஆளு போதும், பச்சப்புள்ளையா இருந்தாலும் சரி. ஆனா கொட்டாய்க்குள்ள காலு வெச்சிருக்கணும். ஒரு கொட்ட தங்கிச்சுன்னாலும் சாவி சாராயக்காரனுக்குத்தான். அப்பறம் என்கிட்ட வந்து அழக்கூடாது."

திரும்பி வரும்போதுதான் எங்களுக்கு உறைத்தது. அது நிலக்கடலை பிடுங்குகிற பருவம். எங்கள் சனம் பாதி நாள் கீழே போளூர், செங்கம் பக்கம்தான் வேலைக்குப் போய்விடும். சந்தைக்காக ஞாயிற்றுக்கிழமை மேலே வருவார்கள், திங்கள் காலை அதே பஸ்ஸில் இறங்கிவிடுவார்கள். அடுத்த வாரம் வருவார்களா, மாட்டார்களா என்பது அவர்களுக்கே தெரியாது.

மாமன் மகன்தான் நின்றான். கையில் இருந்த பம்பைக் குச்சியால் தன் மணிக்கட்டைத் தட்டிக் காட்டினான்.

"காப்பு கட்டிட்டா?"

 நாங்கள் போட்ட கூச்சலில் பக்கத்துக் கொல்லையில் இருந்த எருமை கட்டு அறுத்துக்கொண்டு ஓடியது.

மாரியம்மன் காப்பு என்றால் விளையாட்டு இல்லை. அம்மன் பாதத்தில் வைத்து எடுத்த மஞ்சள் நூலை மணிக்கட்டில் கட்டிவிட்டால் அவிழ்க்கிற நாள் வரைக்கும் ஊர் எல்லையைத் தாண்டக்கூடாது. குடிக்கக்கூடாது. பூசாரி கையால்தான் அவிழ்க்கவேண்டும். மீறினால் அம்மை போடும், கண் போகும், இன்னும் என்னென்னவோ. பெரிய பெரிய ரௌடிகளே காப்பு கட்டிய வாரத்தில் பூனையாக நடப்பார்கள். இந்த ஞாயிறு கச்சேரிக்கு வருகிறவர்களுக்கெல்லாம் கட்டிவிட்டால் அடுத்த ஞாயிறு வரைக்கும் ஒருத்தரும் அசையமுடியாது. இதைவிடச் சுலபமாக ஒரு ஊரைக் கூட்ட முடியுமா? எங்கள் புத்திசாலித்தனத்தை நினைத்து எங்களுக்கே தலைகால் புரியவில்லை.

பூசாரி யோசித்தார். "சாராயம் வேணாம்னுதான கட்டறீங்க? ஆத்தா ஒண்ணும் சொல்லமாட்டா" என்று நூல்கண்டை எடுத்துப் போய் அம்மன் காலடியில் வைத்துக் கொடுத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை கொட்டாய் வாசலில் தாம்பாளத்தோடு நான் நின்றேன். உள்ளே வருகிறவர் கையை நீட்டவேண்டும், நான் கட்டவேண்டும். கூட்டம் பிதுங்கியது. ஒரு தாய்க்கு, இடுப்புப் பிள்ளைக்கு, மாமனுக்கு, மாமனோடு வந்த மச்சானுக்கு. புல்புல்தாராக்காரன் சிரித்துக்கொண்டே கையை நீட்டினான்.

"உனக்கு எதுக்கு?" என்றேன்.

"அரே, நானும் இந்தக் கொட்டாய் ஆளுதானே? கட்டு."

கட்டினேன். காக்கிச் சட்டைக் கை ஒன்று நீண்டது, அதற்கும் கட்டினேன். இன்னொரு காக்கிக் கை, அதற்கும். எனக்கு அப்போது கைதான் தெரிந்தது, முகம் தெரியவில்லை. மேடையில் பம்பை கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. மிச்சக் கண்டை ஒரு பொடிசு கையில் கொடுத்துவிட்டுப் பாட ஓடினேன். அன்றைக்கு நானே கட்டிய ஒரு பாட்டைப் பாடினேன்.

மேடேறி வர்ற பஸ்ஸே மெல்ல வா மெல்ல வா
மூச்சு வாங்குதுன்னா கொஞ்சம் மோர் குடிச்சிட்டு வா

இதெல்லாம் ஒரு பாட்டா என்று கேட்காதீர்கள். கொட்டாய் அதிர்ந்தது. கண்டக்டர் விசில் ஊதியே தாளம் போட்டார்.

திங்கள் காலை. பஸ் கிளம்பவேண்டிய நேரத்தில் கண்டக்டர் படியில் உட்கார்ந்து தன் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் டிரைவர் தன் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னாம்மா காப்பு இது?" என்றார் கண்டக்டர் என்னைப் பார்த்து.

"மாரியம்மன் காப்புங்க. கொட்டாயக் காப்பாத்தறதுக்கு."

"எப்ப அவுப்பாங்க?"

"வர்ற ஞாயித்துக்கெழம."

"ஞாயித்துக்கெழமையா! நான் பாட்டு கேக்கறவங்களுக்குக் கட்டற கயிறுன்னு நெனச்சு கைய நீட்டிட்டேனே! என் பொண்டாட்டி போளூர்ல காத்துக்கினு இருக்காளே!"

"அவுத்துட்டுப் போய்டுங்க" என்றான் மாமன் மகன், கூசாமல்.

"அடப்பாவி! போன வருசம்தாண்டா எங்க வூட்ல அம்மை போட்டு எறங்கிச்சு. எல்லையத் தாண்டுன்றியா?" கண்டக்டர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.  டிரைவர் விரலை நீட்டிப் பஸ்ஸுக்குள் காட்டினார். ஸ்டியரிங்கில் வேப்பிலையோடு மஞ்சள் நூல். மிச்சக் கண்டை வாங்கிய பொடிசுகளின் வேலை. திருவிழாவில் பம்பைக்குக் கட்டுவோம், தேர் வடத்துக்குக் கட்டுவோம். கச்சேரிக்கு மைக் கொண்டுவருகிற பஸ்ஸுக்கும் கட்டவேண்டியதுதானே என்று நினைத்துவிட்டார்கள்.

நான் சிரித்த சிரிப்பில் மைதானத்தில் உட்கார்ந்தே விட்டேன். புல்புல்தாராக்காரன் கடுக்காய் மூட்டைமேல் ஏறி உட்கார்ந்து, "எங்களுக்கு எல்ல கில்ல எல்லாம் இல்ல, நான் போவலாம். ஆனா பஸ்ஸே போவலியே, நான் எதுல போறது?" என்று அந்தப் பாட்டையே வாசிக்க ஆரம்பித்தான்.

அந்த வாரம் மாதிரி ஒரு வாரம் என் வாழ்க்கையில் மறுபடி வரவில்லை. காலையில் பள்ளிக்கூடம், மாலையில் கொட்டாய். போகமுடியாத வேலைக்காரர்கள் எல்லாம் ஊரிலேயே கிடந்ததால் கொட்டாய் தினமும் நிரம்பியது. டிரைவருக்கு யார் வீட்டில் களி, கண்டக்டருக்கு யார் வீட்டில் மொச்சைக் குழம்பு என்று பெண்கள் போட்டி போட்டார்கள். நான் கண்டக்டருக்குச் சுருதி சொல்லிக் கொடுத்துப் பார்த்தேன். எருமைக்கு எழுத்து சொல்லியிருந்தால் படித்திருக்கும்.

நடுவில் ஒரு நாள், கீழே இருந்து ஜீப்பில் பஸ் அதிகாரி ஒருவர் வந்தார். கூடவே இன்னொரு டிரைவர். அதிகாரிக்கு முகமெல்லாம் தூசி, கோபத்தில் கண்ணாடிகூட மங்கியிருந்தது.

"என்னய்யா நடக்குது இங்க? போளூர் பஸ் ஸ்டாண்டுல மலைக்குப் போறவங்க மூட்டையோட உட்கார்ந்துக்கிட்டு என்னைத் திட்டறாங்க. ஒரு அம்மா தினம் வந்து குடைக்காம்பால என் மேசையைத் தட்டிட்டுப் போறாங்க. கயிறாம், காப்பாம்! அவிழ்த்துப் போட்டுட்டு வண்டியை எடுய்யா!"

எங்கள் டிரைவர் பணிவாக எழுந்து மணிக்கட்டை நீட்டினார். "நீங்களே அவுத்துடுங்க சார்."

அதிகாரி கையை நீட்டினார். நூலுக்கு ஒரு விரற்கடை முன்னால் அந்தக் கை நின்றது. சுற்றிலும் ஊரே நின்று பார்க்கிறது, ஒருத்தரும் இமைக்கவில்லை. கை மெல்லத் திரும்பிப் போய் அவர் சட்டைப் பைக்குள் நுழைந்துகொண்டது.

"நீ போய் வண்டியை எடு" என்றார் கூட வந்த டிரைவரிடம். அவர் ஏறி உட்கார்ந்தார், ஸ்டியரிங்கைப் பார்த்தார், வேப்பிலையைப் பார்த்தார், செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார்.

அதிகாரி மோர் குடித்தார். இரண்டு பாட்டும் கேட்டார். "ஞாயித்துக்கிழமை நானே வருவேன். அன்னைக்கு வண்டி கீழே வந்தாகணும்" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறும்போது, பஸ் பாட்டை முணுமுணுத்துக்கொண்டு போனதை நான் என் காதால் கேட்டேன்.

அந்த ஞாயிறும் வந்தது. வெயில் சாய ஆரம்பித்ததும் பெரியப்பா பானையும் சொம்புமாக வந்து கொட்டாய் வாசலுக்கு வெளியே ஒரு கல்லில் உட்கார்ந்தார். ஒவ்வொரு வீடாக உள்ளே நுழைய, ஒவ்வொரு கொட்டையாகச் சொம்பில் விழுந்தது. "டிங், டிங்" என்ற அந்தச் சத்தத்துக்கு மாமன் மகன் உள்ளே இருந்து பம்பையில் பதில் கொடுத்தான். வாசலை மறித்த அந்த அண்ணன்கூட மகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு வந்தார். என் அப்பா, அம்மா, தங்கைகள் வந்தார்கள். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. பொழுதுக்கும் மலைக்கும் நடுவில் இன்னும் ஒரு முழம் இடைவெளி இருந்தது, வர வேண்டியவர் யாரும் பாக்கியில்லை.

"முடிஞ்சுது பெரிப்பா! சாவியக் குடுங்க!"

பெரியப்பா பானையைக் கவிழ்த்தார். உள்ளங்கையில் ஒரே ஒரு கொட்டை விழுந்தது.

"ஒண்ணு கொறையுது" என்றார்.

"எந்த வூடு?"

அவர் கொட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என் வூடு."

எனக்கு வந்த கோபத்தில் மைக்கைப் பிடித்தபடியே கத்தினேன். ஸ்பீக்கரில் ஊருக்கெல்லாம் கேட்டது. "நீங்கதான் இங்கியே குந்திக்கினு இருக்கீங்களே!"

"எண்ணறவன் எண்ணிக்கையில வரமாட்டான். ஊர் வழக்கம் உனக்குத் தெரியாதா? என் வூட்டுக்கு உங்க பெரிம்மாதான் வரணும். திங்கக்கெழம பஸ்ஸுக்கு வந்துடறேன்னு போன வாரமே சொல்லி அனுப்பிச்சா."

 எல்லார் தலையும் ஒன்றாகத் திரும்பி, மைதானத்தில் வேப்பிலை வாடிப்போய் நின்ற பஸ்ஸைப் பார்த்தன.

ஊரைச் சுற்றிப் பாடிய நாங்கள், நடுவர் வீடும் ஒரு வீடுதான் என்பதை மறந்துபோனோம். யாரும் இறங்கிப் போய்விடக்கூடாது என்று பஸ்ஸைக் கட்டினோம், ஏறி வரவேண்டிய ஒரே ஆளை அதே பஸ் கீழேயே நிறுத்திவிட்டது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்களே, அந்தக் குரங்கு என் எதிரே உட்கார்ந்து பல்லைக் காட்டியது.

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே பெரிப்பா" என்றேன். 

"நீங்க கேக்கவே இல்லியே, பாப்பா." அவருக்கும் சந்தோஷமாக இல்லை. முகத்தில் தெரிந்தது. ஆனால் சொன்ன சொல் சொன்னதுதான்.

பொழுது மலைமுகட்டைத் தொட்டது. அப்பாவைப் பார்த்தேன். அவர் வேறெங்கோ பார்த்தார். இனிமேல் இந்தத் தகரத்தின் கீழ் நான் பாடப்போவதில்லை. அழுகை வந்தது. மாமன் மகன், "பாடுடி, இருக்கற வெளிச்சம் வரைக்கும் பாடு" என்று பம்பையைத் தட்டினான். பஸ் பாட்டைத்தான் எடுத்தேன், வேறு எதுவும் வாயில் வரவில்லை. மேடேறி வர்ற பஸ்ஸே என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டே பாடினேன். பிள்ளைகள் கூடச் சேர்ந்து பாடினார்கள். அந்தப் பாட்டு அப்படி ஒரு ஒப்பாரியாகும் என்று நான் நினைத்ததே இல்லை.

பாட்டுக்கு நடுவே வளைவில் ஒரு வண்டிச் சத்தம். அதிகாரியின் ஜீப். ஆனால் ஜீப்பே தெரியவில்லை, மூட்டைதான் தெரிந்தது. ஒரு வாரமாகப் பஸ் ஸ்டாண்டில் கிடந்தவர்களில் எத்தனை பேரை ஏற்ற முடியுமோ அத்தனை பேரை ஏற்றிக்கொண்டு, மூட்டைகளுக்கு நடுவில் மூச்சுத் திணறி அவர் உட்கார்ந்திருந்தார். ஜீப் நிற்பதற்கு முன்பே முதலில் ஒரு குடை இறங்கியது. குடையோடு பெரியம்மா இறங்கினார்.

"எவடி அவ, பஸ்ஸக் கட்டிப்போட்டவ?"

மைக் வைத்துப் பாடிய என்னைவிட அந்தக் குரல் பெரிது. கண்டக்டர் கொஞ்சமும் யோசிக்காமல் என்னைக் கை காட்டினார். பெரியம்மா குடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார். பெரியப்பா கல்லில் இருந்து பாதி எழுந்துவிட்டார்.  எல்லாரும் பெரியம்மாவின் காலையே பார்த்துக்கொண்டிருந்தோம். வாசலுக்கு ஒரு அடி முன்னால் அவர் நின்றார். செருப்பில் ஒட்டியிருந்த சாணத்தைக் கல்லில் தேய்த்தார். நிதானமாக, இரண்டு பக்கமும் தேய்த்தார். எனக்கு உயிர் போய் உயிர் வந்தது.

பிறகு உள்ளே வந்து என் காதைப் பிடித்தார்.

"டிங்."

அந்தக் கொட்டை சொம்பில் விழுந்த சத்தம் கொட்டாயின் கடைசி வரைக்கும் கேட்டது. வெளியே பொழுதின் நுனி மட்டும் முகட்டில் ஒட்டிக்கொண்டிருந்தது. "நெறஞ்சிடுச்சு!" என்று பெரியப்பா கத்தினார். பிறகு நடந்ததை வரிசையாகச் சொல்ல என்னால் முடியாது. தகரம் பிய்ந்துவிடும்போல ஒரு கூச்சல், தட்டுகள் பறந்தன, டிரைவர் அதிகாரியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஆடினார். புல்புல்தாராவில் ஒரு தந்தி அறுந்தது, அவன் அறுந்த தந்தியோடு வாசித்தான். பூசாரி காப்பு அவிழ்க்க வந்தவர் அவிழ்ப்பதை மறந்துவிட்டுப் பம்பையைப் பிடுங்கிக்கொண்டார். சாராயக் கடை வராமல் போய்விடவில்லை. பிறகு மலையடிவாரத்தில் வந்தது, பல வீட்டை அழித்தது. எங்கள் கொட்டாய்க்கு மட்டும் வரவில்லை.

இத்தனைக்கும் நடுவில் பெரியம்மா மட்டும் ஒன்றும் புரியாமல் என் காதை விடாமல் நின்றார்.

"இன்னாடா ஆச்சு இந்த ஊருக்கு? நான் இவள ஒதைக்கத்தான் உள்ள வந்தேன். அதுக்கு ஏன்டா எல்லாரும் ஆடறீங்க?"

பெரியப்பா வாசலில் நின்று சிரித்தார். முதல்முறையாகச் சிரிப்பை மீசைக்கு வெளியே விட்டார்.

பெரியம்மா கூட்டத்தைப் பார்த்தார். இடுப்புப் பிள்ளைகளைப் பார்த்தார், அப்பா தோளில் இருந்த தங்கையைப் பார்த்தார். என் கன்னத்தில் காய்ந்திருந்த கண்ணீரையும் பார்த்தார். காதை விட்டார். மேடைக்கு நேர் எதிரே தரையில் உட்கார்ந்து குடையை மடியில் போட்டுக்கொண்டார்.

"ஒரு வாரம் பஸ் ஸ்டாண்டுல கெடந்திருக்கேன். அப்படி இன்னாதான் பாட்டு அது? பாடு, கேக்கறேன்."

அப்பாவைப் பார்த்தேன். பாடு என்று தலையை ஆட்டினார். ஒரு காது எரிய, நாக்கில் புளி ஊற, எச்சிலை விழுங்கிக்கொண்டு நான் முதல் அடியை எடுத்தேன்.